உறைய மறுத்த பால்

"நீ போகக்கூடாதுன்னு நான் சொல்லல லதா, நான் சொல்றது என்னன்னா…"

"அதத்தான் சொல்றீங்க அண்ணே. வார்த்தைய மாத்தி…"

"முழுசாக் கேளு. மேடையில ஏறு, பேசு, பரிசு வாங்கு. யாரு வேணாம்னா? இந்த லயம், பால்வெட்டு, அட்டைக்கடி, இதெல்லாம் மட்டும்…"

"கட்டுரையே அட்டையையும் ரப்பர் பாலையும் பத்தினது. அது ரெண்டையும் எடுத்துட்டா மேடையில என்னத்த சொல்ல? வணக்கம் சொல்லிட்டு எறங்கவா?"

அடுப்பில் தண்ணீர் கொதித்து, கேத்தல் மூடி தட்டத் தொடங்கியிருந்தது. அண்ணனும் தங்கையும் அதை இறக்காமல் இரண்டு பக்கமும் நின்றார்கள். வெளியே பொழுது இப்போதுதான் வெளுக்கிறது. பக்கத்துக் காம்பராவில் ரேடியோவின் சத்தம் மெல்லக் குறைந்தது. லயம் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். நல்ல சண்டை என்றால் ரேடியோ தானாகக் குறையும்.

கஜேந்திரனின் கோபத்துக்கு அட்டை காரணமில்லை என்பது லதாவுக்கும் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் இரத்தினபுரியில் கந்தையா முதலாளியின் புத்தகக் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது, வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். யட்டியாந்தோட்டை பஜாரில் கடை என்று சொல்லிவிட்டான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பஜாரில் மக்கீன் நானாவின் பலசரக்குக் கடையில் அவன் மூட்டை தூக்கியிருக்கிறான், சாமான் நிறுத்திருக்கிறான். கடை யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தச் சின்ன வார்த்தை வளர்ந்து வளர்ந்து இன்று ஒரு கல்யாணத்தின் வாசலில் வந்து நிற்கிறது. முதலாளி தம் மகள் சுமித்ராவை அவனுக்குக் கொடுக்க நினைக்கிறார். சுமித்ராவுக்கும் இஷ்டம். தீபாவளிக்கு முன்னால் உங்கள் அம்மாவை வந்து பார்த்துப் பேச வேண்டும் என்று போன வாரம் அவர் சொன்னபோது, கஜேந்திரன் அன்று பகல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் லதாவின் கட்டுரை தேறியது. லதா என்கிற பிரேமலதா பேராதனையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். விஞ்ஞானம் படிக்காதவர்களும் வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பெரிய நிபந்தனை. ரப்பர் பால் ஏன் உறைகிறது, அட்டை கடித்த இடத்தில் இரத்தம் ஏன் உறைவதில்லை என்று இவள் எழுதினாள். தமிழ்ப் பிரிவில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்தச் சுற்று இன்று, இரத்தினபுரி நகர மண்டபத்தில். கட்டுரையின் சாரத்தைச் சபைக்கு முன்னால் பேச வேண்டும்; கண்ணால் பார்க்க ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்.

தமிழ்ப் பிரிவுக்குப் பரிசு கொடுப்பவர் கந்தையா முதலாளி.

என் தங்கச்சிதான் அது என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னவனும் கஜேந்திரன்தான். சொன்ன பிறகுதான், கட்டுரை எதைப் பற்றியது என்று தங்கையிடம் கேட்டான்.

"நானும் மொத வருசம் கேகாலை டவுன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் அண்ணே," என்றாள் லதா. குரல் இறங்கியிருந்தது. "கேகாலையில எங்கன்னு கேப்பாங்க. ஒரு தெருப் பேரச் சொல்வேன். பாத்தா, அடுத்தவ அந்தத் தெருவுலயே இருப்பா. பாடத்தவிட பொய்யத்தான் நல்லா பாடமாக்கினேன். ஒரு நாள் கூடப் படிக்கிற ஸுமைராகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அன்னைக்குத்தான் தூங்கினேன்."

"ஒனக்கு அது சரி. கூட்டாளி கோவிச்சா இன்னொரு கூட்டாளி. எனக்குக் கல்யாணம் நின்னு போகும்."

"இதுக்காக நிக்கிற கல்யாணம்னா…"

"சொல்லாத. அத மட்டும் சொல்லாத."

"தண்ணி வத்துது, கேத்தல் கருகப் போகுது. ரெண்டு பேரும் காத எங்க வச்சிருக்கீங்க?"

வாசலில் சுப்பம்மா. இரவு முழுவதும் பெய்த மழை விட்ட கையோடு மலைக்குப் போய் மகளுக்காக நாலு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்திருக்கிறாள். தலையில் கட்டிய துண்டு ஈரம். அட்டை ஏறாமலிருக்கப் பூசிய சவர்க்காரம் காலில் வெள்ளைத் திட்டாக இருந்தது. கையில் பழைய ஜேம் போத்தல். அது நிறைய ரப்பர் பால்.

அவள் போத்தலைத் தட்டில் வைத்தாள். சேலைத் தலைப்பால் பிடித்துக் கேத்தலை இறக்கினாள். மூன்று கோப்பையிலும் தேத்தண்ணி ஊற்றி, கருப்பட்டித் துண்டை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்த பிறகுதான் பேசினாள்.

"அவனுக்குக் கடக்கார அம்மா வேணும். ஒனக்குப் பால் வெட்டுற அம்மா வேணும். நான் ஒருத்திதானே இருக்கேன். என்ன செய்ய?"

இரண்டு பேரும் தேத்தண்ணியைப் பார்த்தார்கள்.

"நானும் வாரேன்," என்றாள் சுப்பம்மா. "எம்புள்ள பேசுறத நான் கேக்கணும். கடைசி வரிசையில ஒக்காருவேன். யாரு என்னன்னு கேட்டா, பஸ்ஸுக்கு நேரமிருக்கு, ஃபேன் காத்துக்கு வந்தேன்னு சொல்லிக்கறேன். லதா, நீ தோட்டம்னு பேசு, பால்னு பேசு, அட்டைன்னும் பேசு. எங்கம்மான்னு மட்டும் கைய நீட்டாத. அவன் கல்யாணம் முடியட்டும். அப்பறம் எத்தன கை வேணும்னாலும் நீட்டு. சத்தியம் பண்ணு."

லதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"தலைய ஆட்டினா பத்தாது."

"சத்தியமா சொல்லமாட்டேன்மா."

கஜேந்திரன் நிம்மதியாக மூச்சு விட்டான். விட்ட மூச்சு அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவசரமாக எழுந்து சட்டையை மாட்டினான். பரிசுப் பொருள்களை மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், முதல் பஸ்ஸில் போகிறேன் என்றான்.

லதா உள்ளே தலை பின்னிக்கொண்டு, பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பம்மா போத்தலை எடுத்துக்கொண்டு லயத்தின் பின்பக்கம் போனாள். அவிசாவளையில் பஸ் மாற வேண்டும், வெயில் ஏறிவிடும், பால் தாங்க வேண்டுமே என்று அவள் தனக்குத் தானே முணுமுணுத்தது மகளுக்குக் கேட்கவில்லை. படியிறங்கிக்கொண்டிருந்த மகன் மட்டும் ஒருமுறை பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனான்.

பஸ்ஸில் லதா ஜன்னலோரம். மடியில் பை. பக்கத்தில் அம்மா, தைப்பொங்கலுக்கு எடுத்த இளநீலச் சேலையில்.

எஹெலியகொடையில் ஏறிய ஒரு சிங்கள அம்மா, பைக்குள் எட்டிப் பார்த்து, கிரிதானே, பால்தானே என்று விசாரித்தாள். ரபர் கிரி என்று லதா சிங்களத்தில் சொன்னதும், இதை எங்கே மகள் கொண்டுபோகிறாய் என்று கேட்டாள். போட்டிக்கு என்றதும் நெற்றியில் கை வைத்துச் சிரித்தாள். குருவிட்டையில் இறங்கும்போது, ஜெயித்து வா என்று லதாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சுப்பம்மா கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ரப்பர் பால் காய்ந்து நகத்தின் ஓரமெல்லாம் கறுப்பாகியிருந்தது. எத்தனை தேய்த்தும் போகாத கறுப்பு. லதா அந்தக் கையை வெளியே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா இழுத்துக்கொள்ளவில்லை. இரத்தினபுரி வந்ததும்தான் எடுத்தாள்.

பஸ் நிலையத்திலிருந்து மண்டபத்துக்குப் போகும் வழியில், மாணிக்கக் கல் வியாபாரிகள் தெருவில் கூடி நின்று ஒரு பொடிக் கல்லை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கல்ல எத்தன பேரு பாக்குறாங்க," என்றாள் சுப்பம்மா. "ஒன்னையும் இப்பிடித்தான் பாப்பாங்க இன்னைக்கு. பயப்படாத."

மண்டபத்து வாசல் வந்தது. அம்மா அதற்கு முன்பே நடையைக் குறைத்துப் பின்தங்கியிருந்தாள். லதா திரும்பிப் பார்த்தபோது, யாரோ ஒரு வழிப்போக்கர் விளம்பரப் பலகையை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றிருந்தாள். அந்த நடிப்பு அவ்வளவு சரியாக இருந்தது. லதாவுக்கு அழுகை வந்தது.

கஜேந்திரன் வாசலில் காத்திருந்தான். பேர் பதிந்துவிட்டு வா, பையை நான் வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டான். அவள் திரும்பி வந்தபோது பையைக் கொடுத்தான். நல்லா பேசு என்றான். அதற்கு மேல் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் கந்தையா முதலாளி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவருக்கு ஒரு பக்கம் சுமித்ரா, மறுபக்கம் கஜேந்திரன். கடைசி வரிசையில், தூணை ஒட்டி, இளநீலச் சேலை.

லதாவுக்கு முன் ஸுமைரா பேசினாள். கொடகவெல ஊர்க்காரி, லதாவின் வகுப்புத் தோழி. கைவிட்ட மாணிக்கக் குழிகளில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். நுளம்புக் குஞ்சுகள் நெளியும் கண்ணாடிக் குவளையை நடுவர்களின் மேசையில் வைத்தபோது, ஒரு நடுவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. மேடையிலிருந்து இறங்கும்போது ஸுமைரா லதாவின் காதில் சொன்னாள்:

"என்னைய தோக்கடிக்கல்லன்னா ஒன்னோட பேசமாட்டேன் புள்ள."

லதா ஏறினாள்.

முதல் வாக்கியம் வரும்வரைதான் பயம். அட்டை கடித்தால் வலிக்காது, கழற்றி எறிந்த பிறகும் இரத்தம் நிற்காது, ஏன் என்று கேட்டாள். சபையில் பாதிப் பேர் சப்ரகமுவ மழையில் நடந்து வளர்ந்தவர்கள். தலைகள் ஆடின. நம் இரத்தம் காயத்தில் ஒரு வலை பின்னிக்கொள்கிறது, அட்டையின் எச்சில் அந்த வலையைப் பின்ன விடுவதில்லை என்றாள். ரப்பர் பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உருண்டைகள் இருக்கின்றன, ஒன்றையொன்று கிட்ட விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் பால் பாலாக ஓடுகிறது என்றாள். பெற்றோரின் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்த அண்ணன் தம்பிகள் மாதிரி என்றதும் சிரிப்பு எழுந்தது.

"கொஞ்சம் அசிட் விட்டா அந்தச் சண்டை நின்னுடும். எல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். பால் கட்டியாகும். இப்ப பாருங்க."

போத்தலைத் திறந்து பாலைத் தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றினாள். சின்னக் குப்பியிலிருந்து அசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். காத்திருந்தாள்.

பால் பாலாகவே இருந்தது.

இன்னும் கொஞ்சம் விட்டாள். கலக்கினாள். பாத்திரத்தைச் சாய்த்தாள். தண்ணீர்போல் ஒரு பக்கம் ஓடியது.

சபையில் யாரோ இருமினார்கள். யாரோ ஏதோ கிசுகிசுத்தார்கள். வீட்டில் செய்து பார்த்த ஒவ்வொரு தடவையும் கட்டியான பால். யார் இதைத் தொட்டது?

பையை நான் வைத்திருக்கிறேன் என்ற குரல் ஞாபகம் வந்தது.

மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். கஜேந்திரன் குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியா அண்ணே, அவ்வளவு தூரமா என்று நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. மேடையை விட்டு இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. என்ன கலந்திருக்கிறான் என்று பார்க்கப் பாத்திரத்தை மூக்கருகே தூக்கினாள்.

கண் கரித்தது.

அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து காத்திருந்த பிள்ளைக்கு, அம்மா வருவதற்கு முன்னால் வந்து சேரும் வாடை அது. அமோனியா. வெயில் ஏறினாலும், பால் நிறுக்கும் இடம் தூரம் என்றாலும், வாளியில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு நடப்பார்கள். வழியில் பால் உறைந்துவிட்டால் அது ஒட்டுப்பால், அன்றைய பாடு வீண். அவிசாவளையில் பஸ் மாறி இரத்தினபுரிவரை வர வேண்டும். அத்தனை தூரத்துக்குப் பால் வெட்டும் எந்தத் தாய்தான் இரண்டு சொட்டோடு நிறுத்துவாள்?

மகள் எதை உறைய வைத்துக் காட்ட வந்தாளோ, அதை உறையாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள் அம்மா.

மேடையில் நின்றபடி லதா சிரித்துவிட்டாள்.

நடுவில் இருந்த நடுவர், நரைத்த கொண்டையும் சங்கிலியில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு பேராசிரியை, என்ன நடந்தது என்று கேட்டார்.

"இந்தப் பால் உறையாதுங்க மேடம். இதுல அமோனியா இருக்கு. நான் போடல. எனக்கே இப்பத்தான் தெரியும்." அவள் பாத்திரத்தைச் சபையை நோக்கிச் சாய்த்துக் காட்டினாள். குரல் தெளிந்துவிட்டது. "ஆனா நான் சொல்ல வந்த விசயம் இதுதான். இத நானே யோசிச்சு செஞ்சிருக்கணும். மரத்துல காயம் பட்டா மரம் பாலை உறைய வச்சுக் காயத்தை மூடிக்கும். மூடவிட்டா எங்களுக்குப் பால் இல்ல. அதனால உறையாம இருக்க நாங்க ஒண்ண கலக்குறோம். அட்டையும் அதத்தான் செய்யுது. அது எச்சில், இது அமோனியா. ரெண்டும் ஒரே மருந்து இல்ல, ஆனா ரெண்டும் ஒரே வேலை. நாங்க அட்டையத் திட்டுறோம். மரத்துக்கு வாய் இருந்தா, எங்களைத்தான் அட்டைன்னு சொல்லும்."

சிரிப்பு பின்வரிசைகளிலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. கைதட்டல் அதைத் தாண்டியது. பேராசிரியையும் சிரித்தார். சிரித்தபடியே கையை உயர்த்தினார்.

"மிக நன்று. ஆனால் ஒரு விதி இருக்கிறது, பிள்ளை. செய்முறையில் வேறு யாருடைய கை பட்டிருந்தாலும் அவர் யார் என்று சபையில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் செய்முறைக்குப் புள்ளி கொடுக்க எங்களுக்கு வழியில்லை. அமோனியா விட்டது யார்?"

லதா கடைசி வரிசையைப் பார்த்தாள். தூணோரத்தில் அம்மாவின் தலை மெல்ல, மிக மெல்ல, வேண்டாம் என்று அசைந்தது.

மூன்றாவது வரிசையில் அண்ணன் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் இரத்தமில்லை.

ஸுமைரா முன்வரிசையிலிருந்து, சொல்லேன் என்று வாயசைத்தாள்.

"சொல்ல முடியாதுங்க மேடம்."

"தெரியாதா, சொல்ல முடியாதா?"

"தெரியும். சொல்ல முடியாது. புள்ளி போனா போகட்டும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து நடுவர் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா காகிதத்தில் படுவதற்குள் ஒரு நாற்காலி தரையில் உரசிப் பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது.

"எங்க அம்மா."

கஜேந்திரன் எழுந்து நின்றிருந்தான். அவன் கை முன்நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. சொன்னது போதாது என்று நினைத்தவன்போல் மறுபடி சொன்னான்.

"எங்க அம்மாதான் ஊத்தினாங்க. காலையில நான் பாத்தேன். இவ என் தங்கச்சி. எங்க அம்மா பேரு சுப்பம்மா. தோட்டத்துல பால் வெட்டுறாங்க." அவன் திரும்பிக் கையை நீட்டினான். காலையில் தங்கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த அந்தக் கையை இப்போது நீட்டியவன் அவன். "அந்தா, கடைசி வரிசையில இருக்காங்க."

மண்டபம் முழுவதும் திரும்பியது.

சுப்பம்மா எழுந்தாள். ஒவ்வொரு விடியலிலும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று பழகிய உடம்பு. பேர் காதில் விழுந்ததும் அது தானாக எழுந்தது. கைகள் கும்பிட்டன.

"ஆமாங்க, நான்தாங்க. பால் கெட்டுப் போயிடக்கூடாதுன்னுதாங்க விட்டேன். புள்ள மேல தப்பு இல்லைங்க."

"பால் கெடவில்லை அம்மா," என்றார் பேராசிரியை. குரல் மாறியிருந்தது. "உட்காருங்கள். பிள்ளை, உன்னால் இதை இன்னும் உறைய வைக்க முடியுமா?"

அமோனியாவைத் தோற்கடிக்கும்வரை அசிட் விட வேண்டும் என்றாள் லதா. குப்பியில் உள்ளது போதுமோ தெரியாது என்றும் சொன்னாள். சொட்டுவதை விட்டுவிட்டு மெல்ல ஊற்றினாள், கலக்கினாள், முகர்ந்து பார்த்தாள். மறுபடி ஊற்றினாள். வாடை குறைந்துகொண்டே வந்தது. குப்பி காலியானது. கண்ணாடிக் குச்சியை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சபையில் ஒருவரும் அசையவில்லை.

பாத்திரத்தைச் சாய்த்தாள். ஓடவில்லை.

இரண்டு கை விரல்களாலும் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். வெள்ளை வெளேரென்று, நடுங்கிக்கொண்டு, ஒரே துண்டாகப் பால் எழுந்து வந்தது.

அந்தக் கைதட்டலைச் சுப்பம்மா அதற்குப் பிறகு பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள், தகரக் கூரையில் ஆனி மாத மழை விழுந்த மாதிரி என்று. அதில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று தட்டியவள் ஸுமைரா.

முதலிடம் பிரேமலதாவுக்கு என்று அறிவித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டாமிடம் வந்த ஸுமைரா, மேடையிலேயே அவள் இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். கட்டுரை கொழும்பில் அச்சாகும், பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போகும் என்றார் பேராசிரியை. எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டார். போட வேண்டும் என்றாள் லதா.

பரிசைக் கந்தையா முதலாளி இரண்டு கையாலும் கொடுத்தார். நல்லா சொன்னீங்க என்றார். அதற்கு மேல் அவர் முகத்திலிருந்து எதையும் வாசிக்க முடியவில்லை. கஜேந்திரன் எழுந்து நின்று பேசியதிலிருந்து அவர் அவன் பக்கம் ஒருதரமும் திரும்பவில்லை.

படம் பிடிப்பவர், வென்றவர்களின் குடும்பத்தார் வாங்க என்று கூப்பிட்டார். ஸுமைராவின் வாப்பா கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். கடைசி வரிசை அசையவில்லை.

இருக்கைக்குத் திரும்பிவிட்டிருந்த முதலாளியின் பக்கத்திலிருந்து கஜேந்திரன் எழுந்தான். அந்த நீளமான மண்டபத்தின் நடுவழியே, எல்லோரும் பார்க்க, பின்னால் நடந்தான்.

"வாங்கம்மா."

"நம்ம காலையில என்ன பேசினோம்?"

"அது காலையில பேசினது."

"சேலையெல்லாம் கசங்கிருக்குடா."

"பரவால்ல. வாங்க."

அவன் அம்மாவின் கையைப் பிடித்தான். நகத்தோரம் கறுத்த அந்தக் கையைப் பிடித்தபடியே முன்னால் கூட்டி வந்தான். லதா மேடையிலிருந்து இறங்கி வந்து மறு கையைப் பிடித்தாள். மேடையில் நின்றபோது மனதுக்குள் அண்ணனை என்ன நினைத்தாள் என்பதை அவனிடம் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

மூன்றாவது வரிசையைத் தாண்டும்போது சுமித்ரா சட்டென்று குனிந்தாள். சுப்பம்மாவின் கணுக்காலில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. காலையில் மலையில் சவர்க்காரத்துக்குத் தப்பிய ஏதோ ஓர் அட்டையின் வேலை. சேலை உரசி மறுபடி கசிந்திருக்கிறது. சுமித்ரா தன் கைக்குட்டையை மடித்து அதில் வைத்து அழுத்தினாள்.

"நிக்கமாட்டேங்குது," என்றாள் நிமிர்ந்து பார்த்து.

"நிக்காதும்மா," என்றாள் சுப்பம்மா. "அதத்தானே இவ இவ்வளவு நேரமா சொன்னா."

சுமித்ரா சிரித்தாள். முதலில் அவள், பிறகு லதா, பிறகு அடக்க முடியாமல் கஜேந்திரனும். ஒரு வாரமாக அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

கந்தையா முதலாளி சிரிக்கவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து ஒரு பால் வெட்டுக்காரியின் காலைப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார். சிரிப்பு அடங்கியது. அவர் கஜேந்திரனைப் பார்த்தார், அவன் தலை குனிந்தது. அவர் சுப்பம்மாவிடம் திரும்பினார்.

"வாற ஞாயித்துக்கிழமை கல்யாணப் பேச்சுக்கு நாங்க ஒங்க வீட்டுக்கு வாறோம். மேல் லயமா, கீழ் லயமா? எத்தனாவது காம்பரா?"